கொளஞ்சியம்மாள் கட்டிய பிராது

செல்வி தொலைபேசியில் அழைத்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அம்மா போயிட்டாங்க மேடம். காலையில டீ கேட்டாங்க. அரை டம்ளர் குடிச்சிட்டுப் படுத்தாங்க, அவ்ளோதான்" என்றார். அவர் அழவில்லை. பதினொன்றரைக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதைப் பிடித்தால் எடுப்பதற்குள் வந்துவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரத்தில் அவர் அம்மாவின் செல்கள்தான் என் கையில் இருந்தன என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி இல்லை. அவை ஆய்வகத்தில் திரவ நைட்ரஜனுக்குள் உறைந்து கிடந்தன. உயிரோடு இருக்கின்றனவா என்பது அன்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலேயே கொளஞ்சியம்மாள் போய்விட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மின்கம்பத்தில் வைக்கிற பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் கம்பெனியில் ஓய்வு பெறும்வரை செக்கிங்கில் இருந்தவர். சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொன்றையும் சிறிய மரக்குச்சியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். சத்தம் கணீரென்று வந்தால் பாஸ். மொக்கையாக வந்தால், கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், கழிவு. இதெல்லாம் உங்களுக்கு நேரில் தெரியும். எனக்குத் தெரிந்தது அவருடைய கடைசிப் பத்து மாதம் மட்டும். அதற்குள் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு விவகாரம் நடந்தது. உங்களில் பலர் அதைப் பாதி கேட்டிருக்கிறீர்கள். சாவு வீட்டுப் பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், நான் யாரென்று தெரியாமல், "பாண்டிச்சேரி டாக்டரம்மா மேலயே பிராது கட்டுச்சு தெரியுமா இந்தப் பொம்பள" என்று என்னிடமே சொன்னார். மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியது நான்.

அவருடைய இடது கன்னத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. கருஞ்சிவப்பாகச் சுண்டைக்காய் அளவில் இருந்தது. சூட்டுக்கட்டி என்று எதையெதையோ அரைத்துப் பூசியிருக்கிறார்கள். சில வாரங்களில் அது நெல்லிக்காய் அளவாகிவிட்டது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சோதித்து, மெர்கெல் செல் புற்றுநோய் என்றார்கள். தோலில் வருகிற புற்றுநோய்களில் மிக அரிதானது, வேகமாகப் பரவுவது. நம் பக்கத்தில் எப்போதாவது ஒருவருக்கு வரும். அப்படி ஒருவருக்காக எங்கள் ஆய்வகம் காத்திருந்தது. 'காத்திருந்தது' என்ற சொல் காதுக்கு நன்றாக இல்லை என்பது தெரியும். ஆனால் உண்மை அதுதான்.

எங்களுக்கு வேண்டியது அந்த நோயின் ஒரு செல் வரிசை. செல் வரிசை என்பதை இப்படிச் சொல்லலாம். கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, செல்களைப் பிரித்து, சத்து நீரில் போட்டு, உடலுக்கு வெளியே வளர்ப்பது. பெரும்பாலும் சில நாளில் செத்துவிடும். சாகாமல் பெருகிக்கொண்டே போனால் அது வரிசை. ஒரு புது மருந்தை மனிதருக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்தச் செல்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அரிய நோய்க்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் சோதித்துப் பார்க்க நோயாளிகளே கிடைக்கமாட்டார்கள்.

சம்மதப் படிவம் நான்கு பக்கம். வழக்கமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "எங்க போடணும்?" என்றுதான் கேட்பார்கள். கொளஞ்சியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"இதுல எனக்கு என்னா வைத்தியம் டாக்டரம்மா?"

"உங்களுக்கு நேரா ஒண்ணும் இல்லம்மா. நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்ல. ஆராய்ச்சி பண்றவ."

"அப்ப எதுக்கு டாக்டர்னு போர்டு மாட்டியிருக்குது?"

"படிச்சு வாங்கின பட்டம்."

"அதுவும் சரிதான். எங்க மருமவன்கூட லைசென்ஸு வெச்சிருக்காரு. வண்டி ஓட்டத் தெரியாது."

செல்வி தலையில் அடித்துக்கொண்டார். கொளஞ்சியம்மாள் சிரிக்காமல் மூன்றாம் பக்கத்துக்குப் போனார். முழுவதும் படித்து முடித்த பிறகு, "எனக்கப்புறம் யாருக்காவது இந்தக் கட்டி வந்தா, மருந்தத் தட்டிப் பாக்க ஒரு பீஸு வேணும். அதானே?" என்றார். இந்த ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு நான் எழுதிய முப்பது பக்க விண்ணப்பத்தில் அவ்வளவு தெளிவான வாக்கியம் ஒன்றும் இல்லை. அதானே, என்றேன். கையெழுத்துப் போட்டார்.

கன்னத்தில் அறுவை முடிந்து இரண்டு மாதம் கழித்து, கதிர் சிகிச்சைக்கு வந்தவர், "என்னுது எப்படி இருக்குது, காட்டுங்க" என்று ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். காட்டுவதில் எனக்கும் ஆசை இருந்தது. குடுவையின் அடியில் செல்கள் ஒட்டிக்கொண்டு, நீள நீளமாகக் கைகோத்து, இடைவெளி இல்லாமல் வளர்ந்திருந்தன. நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். செக்கிங்கில் இருந்தவர் கேட்கிற கேள்விதான் அது.

"கழிச்சது எங்க?"

"கழிச்சதுன்னா?"

"எல்லாமா ஒட்டிக்கும்? ஒட்டாதத என்னா பண்ணீங்க?"

"ஒட்டாம மேல மிதக்குறதெல்லாம் செத்துப்போன செல்லும்மா. மூணு நாளைக்கு ஒருதடவை தண்ணி மாத்துறப்ப உறிஞ்சி எடுத்துடுவோம்."

"செத்துதுன்னு தட்டிப் பாத்தீங்களா?"

அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்மா, என்றேன். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்கும்.

தட்டிப் பார்க்க எங்களிடமும் ஒன்று உண்டு. ஒரு சொட்டு நீலச் சாயம். செத்த செல் சாயத்தை உள்ளே விட்டு நீலமாகிவிடும், உயிருள்ளது விடாது. இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

அடுத்த மாதம் வரிசையை உறுதி செய்வதற்கான சோதனைகளின் முடிவுகள் வந்தன. அந்தப் புற்றுநோய்க்கு உரிய அடையாளம் ஒன்றுகூட இல்லை. நான் வளர்த்தது தோலுக்கடியில் எல்லோருக்கும் இருக்கிற சாதாரண நார்ச்செல்கள். இந்தப் புற்றுநோயின் செல்கள் பெரும்பாலும் ஒட்டாது, சிறு கொத்துகளாக மிதந்துதான் வளரும். இதை நான் படித்திருக்கிறேன். மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் இருபது வருடமாக மார்பகப் புற்றுச் செல்களோடு பழகிய கை அது. ஒட்டுவது உயிர், மிதப்பது பிணம் என்று பழகிய கை. படிப்பைக் கேட்காமல் கை தன் வேலையைச் செய்துவிட்டது. மூன்று நாளைக்கு ஒருமுறை, மிகவும் கவனமாக, கொளஞ்சியம்மாளின் செல்களை நான்தான் உறிஞ்சி எடுத்துப் பிளீச்சில் ஊற்றினேன்.

அவரிடம் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 'வளரவில்லை' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், அதுவும் பொய்யாகாது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். நான் விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினேன். இதை நேர்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நோய் பரவி அவர் கழுத்தில் ஒரு நெறி கட்டியிருந்தது. அடுத்த வாரம் அறுவை. எனக்கு இன்னொரு துண்டு வேண்டும். வேறு யாரிடமும் அது கிடைக்காது. சொல்லாமல் கேட்க முடியாததால் சொல்லப் போனேன்.

வீட்டில் கொளஞ்சியம்மாளும் செல்வியும் இருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் முதலில் எழுந்தது செல்வி.

"எங்கம்மா கன்னத்துல பள்ளம் இருக்குது, பாருங்க மேடம். நல்லா கிட்ட வந்து பாருங்க. அங்கேருந்து எடுத்தத சிங்க்குல ஊத்திட்டு, இப்ப கழுத்துல கேக்க வந்துட்டீங்களா?"

"ஏய், குந்து" என்றார் அம்மா.

"நீ சும்மா இரும்மா. படிச்சவங்கன்னா என்னா வேணா பண்ணலாமா? உங்க கம்பெனியில நீ ஒரு லோடு இப்படி வுட்டிருந்தா வூட்டுக்கு அனுப்பியிருப்பான்."

"அனுப்பியிருப்பான்" என்று கொளஞ்சியம்மாள் ஒப்புக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நாந்தான் கேட்டேனே டாக்டரம்மா. தட்டிப் பாத்தீங்களான்னு."

"கேட்டீங்க."

"கேட்டப்ப கோவம் வந்துது உங்களுக்கு."

ஆமாம் என்றேன். பிறகு அவர், தருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் கொளஞ்சியப்பரிடம் ஒரு பிராது கட்ட வேண்டும் என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. விருத்தாசலத்தை அடுத்து மணவாளநல்லூரில் இருக்கிறது கொளஞ்சியப்பர் கோயில். குறை உள்ளவர்கள் அதைக் காகிதத்தில் மனுவாக எழுதி, சாமி முன்னால் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். அதுதான் பிராது. மூன்று மாதத்தில் தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் மறக்காமல் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். திருட்டு, பாகப்பிரிவினை, கணவன் மனைவி சண்டை எல்லாம் அங்கே போகும். ஒரு செல் வரிசை போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

செல்வி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். கொளஞ்சியம்மாள் என் பெயர், அப்பா பெயர், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். "மேற்படி டாக்டர் என் கன்னத்துச் சதையை வாங்கிக்கொண்டுபோய், உயிருள்ளதைச் செத்தது என்று சோதிக்காமல் கழித்து வீணாக்கிவிட்டார். தப்பை நேரில் வந்து ஒப்புக்கொண்டார். ஆகையால் கழுத்திலிருந்து மறுபடி கொடுக்கிறேன். இந்தத் தடவை அது வளர வேண்டும். வளராவிட்டால் சாமிதான் கேட்க வேண்டும்."

தாளை என் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்க."

"எதிராளிகிட்டப் போயி யாராவது கையெழுத்து வாங்குவாங்களாம்மா?" என்றார் செல்வி.

"அவங்க பேப்பருல நான் போடலியா? எங்க பேப்பருல அவங்க போடட்டும்."

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லம்மா, என்றேன். அதைச் சொல்லாமல் கையெழுத்துப் போடுவது இன்னொரு ஏமாற்று வேலையாக எனக்குப் பட்டது.

"நீங்க நம்ப வேணாம். கட்டறது நானு. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றார்.

படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

கழுத்திலிருந்து எடுத்த துண்டை இந்த முறை நான் பயந்துகொண்டே வளர்த்தேன். மிதப்பது எதையும் கொட்டவில்லை. உறிஞ்சியதையெல்லாம் தனிக் குழாயில் சேர்த்து, மெதுவாகச் சுழற்றிப் படியவைத்து, ஒரு சொட்டில் மட்டும் நீலச் சாயம் விட்டுப் பார்த்து, மீதியை மறுபடி குடுவையிலேயே விட்டேன். முதல் மாதம் பாதிக்கு மேல் நீலம். ஐந்தாவது வாரம் இரண்டு மூன்று சிறு கொத்துகள் சாயம் ஏறாமல் நின்றன. அவை பெருகின என்று சொல்ல முடியாது. சாகவில்லை என்று மட்டும் சொல்லலாம். மூன்று மாதம் எப்போது முடிகிறது என்று நான் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை இல்லாதவள்தான், ஆனாலும் பார்த்தேன்.

மூன்று மாதம் முடிந்த அன்று நானே கூப்பிட்டேன். இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றேன்.

"பரவால்ல. சாமிக்கு வாய்தா குடுத்திருக்கேன்" என்றார்.

ஆனால் அவர் உடம்பு வாய்தா கொடுக்கவில்லை. நோய் ஈரலுக்குப் போயிருந்தது. ஆய்வகத்தில் செல்கள் மெதுவாகப் பெருக ஆரம்பித்தபோது வீட்டில் அவர் எழுந்து உட்கார முடியாமல் ஆனார். ஐந்தாவது மாதத்தில் குடுவை முழுக்கக் கொத்துகள் மிதந்தன. சோதனைகளில் புற்றுநோயின் அடையாளங்கள் இருந்தன. அவருடைய இரத்தத்தோடு ஒப்பிட்டதில் அவருடையவைதான் என்பதும் உறுதியானது. ஒரு பகுதியை உறையவைத்தேன். உறையவைத்ததை மறுபடி எடுத்து, உயிர் வந்து, பெருகினால்தான் அது வரிசை. அதற்குக் குறைந்தது இன்னும் ஒரு மாதமாவது வேண்டும். அந்த நேரத்தில்தான் செல்வி வரச்சொன்னார்.

வாசலிலேயே என்னை நிறுத்தினார். "மேடம், உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். வளந்துடுச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பிராது அப்படியே நிக்குதேன்னு அம்மா நெனச்சுக்கிட்டே கெடக்குது. வாபஸ் வாங்கிட்டா நிம்மதியாப் போவும். பொய்யில்லையே, வளந்துதானே இருக்குது?"

பொய்யில்லைதான். ஏறக்குறைய வளர்ந்துதான் இருந்தது. ஆனால் முதல் தடவையும் 'வளர்ந்துவிட்டது' என்று நுண்ணோக்கியில் காட்டியவள் நான்தான். உள்ளே போய் உட்கார்ந்தேன். கொளஞ்சியம்மாள் கண்ணைத் திறந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் பாஸ் ஆவலியா?"

"நல்லா வந்திருக்குதும்மா. உறைய வெச்சிருக்கேன். எடுத்து மறுபடி உயிர் வருதான்னு பாக்கணும். அது வரைக்கும்..." என்று இழுத்தேன்.

"சூளையில இருக்குதுன்னு சொல்லுங்க" என்றார். பிறகு மகளிடம், "நீ அழுவாத. அவங்க பாஸு போட்டதும் நீ போயி வாபஸ் வாங்கு. நாந்தான் வரணும்னு இல்ல. பாஸு போடாம போயி வாங்கிடாத" என்றார். அவ்வளவு பேசியதில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். நான் பார்த்த கடைசித் தடவை அதுதான். பன்னிரண்டாம் நாள் செல்வி தொலைபேசியில் அழைத்தார்.

அன்று வளர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன். சொல்லியிருந்தால் அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்வது சுலபம். அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சாகப்போகிறவருக்கு ஒரு வார்த்தை கொடுக்காமல் வந்தேன் என்பது மட்டும் தெரியும்.

காரியம் முடிந்த மறுவாரம் உறைந்த குழாய்களில் ஒன்றை எடுத்து வெந்நீரில் இளக்கினேன். முதல் நாள் ஏறக்குறைய எல்லாம் நீலம். நான்காம் நாளும் அப்படித்தான். ஒன்பதாம் நாள் எடுத்த சொட்டில் ஒரு கொத்து, சாயம் ஏறாமல். மாணவியைக் கூப்பிட்டு, என்ன தெரிகிறது என்று அவளையே சொல்லச் சொன்னேன். அதற்கும் பிறகு மூன்று வாரம் காத்திருந்து, மறுபடி பிரித்து, மறுபடி பெருகுவதைப் பார்த்துவிட்டுத்தான் செல்வியைக் கூப்பிட்டேன்.

"பாஸா மேடம்?"

"பாஸ்."

சாவுச் செய்தி சொன்னபோது அழாதவர் அப்போது அழுதார். மறுநாள் காலையிலேயே மணவாளநல்லூருக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிவிட்டார்.

அந்த வாரம் எனக்கு ஒரு தபால் வந்தது. கொளஞ்சியம்மாள் பிராதைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்திருக்கிறார். பீரோவில் இருந்தது, உங்களுக்கு வேண்டுமோ என்னவோ என்று எழுதி செல்வி அனுப்பியிருந்தார்.

ஒவ்வொரு செல் வரிசைக்கும் ஒரு பதிவேடு உண்டு. யாருடைய உடலின் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, எப்படி வளர்க்கப்பட்டது என்று முதல் பக்கங்களில் இருக்கும். வேறு ஆய்வகத்தார் யார் செல்களைக் கேட்டாலும் அந்தப் பக்கங்களின் நகலும் சேர்ந்து போகும். விதிப்படி அதில் கொடுத்தவரின் பெயர் இருக்கக் கூடாது, ஓர் எண்தான் இருக்கும். அவர் பெயர் இருக்கிற இந்தக் கட்டுரையில் அந்த எண்ணை நான் எழுத மாட்டேன்.

செல்களைத் தவிர அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஜெராக்ஸ்தான். பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஊர், சாமி பேர், கோயில், அவர் பெயர் எல்லாவற்றின் மேலும் கறுப்பு மை பூசியாகிவிட்டது. என் பெயரையும் கையெழுத்தையும் மறைக்கவில்லை.